லிஸ்ப் ரீடரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பத்தைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியின் ஒரு சின்ன வடிவத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். அடித்தளம் சி மொழியில், மேலே உள்ளதெல்லாம் லிஸ்பிலேயே. அதன் ரீடரில் (நிரல் உரையைப் படித்து லிஸ்ப் தரவாக்கும் பகுதியில்) சிம்பல்களின், அதாவது நிரலில் வரும் பெயர்களின், கேஸ் (பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது) தொடர்பாக வந்த பக்குகளை நான் ஒரு சுற்று சரிசெய்தேன். அப்புறம் கல்லூரி முடித்துவிட்டு வந்த மூன்று தம்பிகள் அதே வேலையைச் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் வழுக்கினார்கள். அந்த இடங்களை வைத்துத்தான் கீழே உள்ள வரிசை.

ஒரு சொல் ஏற்பாடு. வாயால் பேசும்போது கேப்பிட்டலா ஸ்மாலா என்று காதுக்குத் தெரியாது. அதனால் எங்கள் அறையில் ‘பெரிய கார்’ என்றால் மூன்று எழுத்தும் கேப்பிட்டல், ‘சின்ன கார்’ என்றால் மூன்றும் ஸ்மால், ‘கலவை கார்’ என்றால் முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். கார் என்பது லிஸ்டின் முதல் உறுப்பைத் தரும் ஃபங்ஷன். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், நாங்கள் பழைய வண்டி வாங்கி விற்கிறோம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார். இங்கேயும் அதே பேச்சையே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் சிம்பலின் கேஸ் மாற வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ரீடர் டோக்கனை (ஒரு சொல்லாக நிற்கும் எழுத்துத் தொடரை) முழுதாகச் சேர்த்த பிறகு, அதைச் சிம்பலாக்குவதற்கு முன். ஒப்பிடும் இடம், இன்டர்ன் (பெயரைப் பேக்கேஜ் என்ற பெயர்த் தொகுப்பில் தேடி, இல்லாவிட்டால் புதுச் சிம்பலாகச் சேர்ப்பது), கோப்பில் எழுதும் இடம் என்று வேறு எங்கே மாற்றினாலும் அன்றைக்குச் சரியாகிவிட்டது போலத் தெரியும், அடுத்த வாரம் வேறு பக்கம் உடையும்.

1. உட்காருவதற்கு முன்

எந்தச் சட்டப்படி சரிசெய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். காமன் லிஸ்ப் என்றால் 1994-இன் ஆன்சி தரநிலை. ரீடர் எப்படி நடக்க வேண்டும் என்பது 2-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, பிரிண்டர் (தரவைத் திரும்ப உரையாக எழுதும் பகுதி) 22-இல், ரீடரின் கேஸ் முறைகள் 23-இல். கடைசி இரண்டிலும் உதாரணங்கள் உண்டு, அவற்றை அச்செடுத்து மேசைமேல் வையுங்கள். லிஸ்பின் இன்னொரு வகையான ஸ்கீம் எழுதுகிறவர்களுக்குச் சட்டம் வேறு: 1998-இன் ஆர்5ஆர்எஸ் தரநிலை வரை கேஸ் பொருட்டில்லை, 2007-இன் ஆர்6ஆர்எஸ் முதல் பொருட்டு உண்டு. இமாக்ஸ் லிஸ்பில் பெரியதும் சின்னதும் வேறு வேறுதான். வேறு மொழிப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு, சரியாக இருப்பதைப் போய் ‘சரிசெய்த’ தம்பி ஒருவர் உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க எஸ்பிசிஎல், சிலிஸ்ப் என்ற இரண்டு காமன் லிஸ்ப்களையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஒன்று போதாது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் தரநிலையை வரிவரியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

நான்கு முறைகள் மனப்பாடமாக இருக்கட்டும். ரீட்டேபிள் என்பது ரீடர் எழுத்துகளை எப்படி நடத்த வேண்டும் என்ற அட்டவணை. அதன் ரீட்டேபிள்-கேஸ் அப்கேஸ் என்றால் எல்லாம் பெரிதாகும், தரநிலையின் இயல்பு இதுதான். டவுன்கேஸ் என்றால் எல்லாம் சின்னதாகும். பிரிசர்வ் என்றால் எழுதியது எழுதியபடி. இன்வர்ட் என்றால் முழுதும் ஒரே கேஸில் இருந்தால் புரட்டிப் போடும், கலவையாக இருந்தால் தொடாது.

2. பக் எங்கே என்று முதலில் பிரியுங்கள்

திரையை நம்பாதீர்கள். சின்ன கார் என்று தட்டிப் பெரிய கார் என்று பதில் வந்தால், அதைப் பார்த்து ரீடர் மாற்றியதா பிரிண்டர் மாற்றியதா என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கத் தவறும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும்.

அதனால் சிம்பல்-நேம் மூலம் பெயரை ஸ்ட்ரிங்காக எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் அச்சிடுங்கள். எண்களுக்குக் கேஸ் இல்லை, பிரிண்டர் அங்கே விளையாட முடியாது. அப்கேஸில் சின்ன கார் கொடுத்தால் 67, 65, 82 வர வேண்டும். 99, 97, 114 வந்தால் ரீடர் வேலையே செய்யவில்லை.

எண்கள் சரி, திரையில் வருவது தப்பு என்றால் பிரிண்டர். எண்களும் திரையும் சரி, ஆனால் ‘இப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை’ என்கிறது என்றால், உள்ளமைந்த ஃபங்ஷன்களைப் பதிவு செய்த இடத்தில் கோளாறு (9-ஆம் படி). இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எடிட்டரைத் திறக்க வேண்டாம்.

3. டெஸ்ட் அட்டவணையை எழுதுங்கள், நிரலைத் தொடாதீர்கள்

பெரிய கார், சின்ன கார், கலவை கார் என மூன்று உள்ளீடுகள், நான்கு முறைகள், மொத்தம் 12 வரிகள். அப்கேஸில் மூன்றுக்கும் பெரிய கார். டவுன்கேஸில் மூன்றுக்கும் சின்ன கார். பிரிசர்வில் அவை அவையே. இன்வர்ட்டில் பெரியது சின்னதாகும், சின்னது பெரிதாகும், கலவை அப்படியே நிற்கும். எதிர்பார்ப்பை எண்களாகவே எழுதுங்கள், சிம்பலாக எழுதினால் அந்த டெஸ்டையே உங்கள் பக் உள்ள ரீடர்தான் படிக்கும்.

டெஸ்ட் எழுதும்போதே மூன்று பேரும் சிக்கிய இடம் இது. ஒரே ஃபார்முக்குள் (ஒரு முழு அடைப்புக்குறிக் கூற்றுக்குள்) முறையை மாற்றிவிட்டு, அதே ஃபார்முக்குள் மேற்கோள் குறி போட்ட சிம்பலைச் சோதிப்பார்கள். முழு ஃபார்மையும் ரீடர் படித்து முடித்த பிறகுதான் அது இயங்கும். முறை மாறுவதற்கு முன்பே அந்தச் சிம்பல் பழைய முறையில் படிக்கப்பட்டுவிட்டது. உள்ளீட்டை ஸ்ட்ரிங்காக வைத்து, முறையை மாற்றிய பிறகு ரீட்-ஃப்ரம்-ஸ்ட்ரிங் மூலம் படியுங்கள்.

அடுத்தது, முதன்மை ரீட்டேபிளை நேரடியாக மாற்றாதீர்கள். ரெப்பிளில் (தட்டியதை உடனே இயக்கிப் பதில் தரும் திரையில்) பிரிசர்வ் போட்டுவிட்டு, திரும்பி வர வழி தெரியாமல் ஒருவர் முழித்தார். சின்ன எழுத்தில் என்ன தட்டினாலும் ‘தெரியாத ஃபங்ஷன்’ என்றே வந்தது. எல்லாப் பெயரும் உள்ளே பெரிய எழுத்தில் இருப்பதால், திரும்பி வரும் கட்டளையையும் கேப்பிட்டலில்தான் தட்ட வேண்டும். காப்பி-ரீட்டேபிள் போட்டு ஒரு நகல் எடுத்து, டெஸ்ட் முடியும்வரை மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நகலெடுப்பிலேயே ஒரு பக் எங்களிடம் இருந்தது. எழுத்து அட்டவணை நகலானது, கேஸ் முறை நகலாகவில்லை. 12 வரிகளோடு இதையும் 13-ஆவது வரியாகச் சேருங்கள்.

4. ஒவ்வொரு எழுத்தோடும் எஸ்கேப் குறியைச் சேர்த்து வையுங்கள்

வேலையின் முதுகெலும்பு இந்தப் படிதான், அவசரப்பட வேண்டாம்.

பேக்ஸ்லாஷுக்குப் பின் வரும் ஓர் எழுத்தும், இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே வரும் எழுத்துகளும் எஸ்கேப் ஆனவை. அவற்றின் கேஸ் எந்த முறையிலும் மாறக் கூடாது. புதியவர்கள் எழுதும் ரீடர், கோட்டையும் பேக்ஸ்லாஷையும் கழற்றிவிட்டு மிச்ச எழுத்துகளை ஒரு பஃபரில் சேர்க்கும். கடைசியில் பஃபர் முழுவதையும் பெரிதாக்கும். அந்த நேரத்தில் எது எஸ்கேப் ஆனது என்ற தகவலே இருக்காது. கோடுகளுக்குள் எழுதிய சின்ன காரும் பெரிய காராகிவிடும்.

‘அப்படியென்றால் எழுத்தைப் படிக்கும்போதே மாற்றிவிடலாமே’ என்று கேட்பார்கள். அப்கேஸுக்கும் டவுன்கேஸுக்கும் அது போதும். இன்வர்ட்டுக்குப் போதாது, ஏனென்றால் டோக்கன் முழுதும் ஒரே கேஸா என்று கடைசி எழுத்து வந்த பிறகுதான் தெரியும். ஒரு முறைக்கு ஒரு வழி, இன்னொன்றுக்கு வேறு வழி என்று வைத்தால் பக் இரட்டிப்பாகும்.

ஆகவே எழுத்துப் பஃபரின் பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு மாஸ்க் பஃபர் வையுங்கள். எஸ்கேப் ஆன எழுத்துக்கு 1, ஆகாததற்கு 0. எழுத்தைச் சேர்க்கும் ஃபங்ஷனே இரண்டையும் சேர்த்து எழுதட்டும். தனித்தனியாக எழுதினால் பஃபர் வளரும்போது ஒன்று வளரும், மற்றது வளராது.

மாஸ்க் மட்டும் போதாது என்பதுதான் நானே தாமதமாகக் கற்றது. நடுவே ஒன்றுமில்லாமல் இரண்டு கோடுகள் மட்டும் வரலாம். அது வெற்றுப் பெயர் கொண்ட சிம்பல், தரநிலைப்படி செல்லும். எழுத்துப் பஃபரின் நீளம் 0, மாஸ்க்கின் நீளமும் 0, ஆகவே டோக்கனே வரவில்லை என்று ரீடர் நினைத்துக்கொள்ளும். அதேபோல் 1 என்ற எண்ணை ஒட்டி இரண்டு கோடுகள் வந்தால், எஸ்கேப் கலந்த டோக்கன் எண்ணாகாது, சிம்பல்தான். மாஸ்க்கைப் பார்த்தால் அது தெரியாது. எனவே ‘இந்த டோக்கனில் எஸ்கேப் வந்தது’ என்று தனியாக ஒரு ஃபிளாக்.

5. டோக்கன் முடிந்ததும் எந்த வரிசையில்

முதலில் எண்ணா என்று பாருங்கள், எஸ்கேப் ஃபிளாக் இல்லாவிட்டால் மட்டும். எண்ணைப் படிக்கும் பகுதி கேஸைப் பொருட்படுத்தக் கூடாது, அடுக்குக் குறியான ஈ எழுத்து பெரிதானாலும் சின்னதானாலும் ஒன்றே. எங்கள் பழைய கோடில் எல்லாம் பெரிதான பிறகே எண் பகுதிக்கு வரும் என்ற நம்பிக்கையில் பெரிய ஈ மட்டும் இருந்தது. பிரிசர்வில் சின்ன ஈ போட்ட எண்ணெல்லாம் சிம்பலாகிப்போனது. ரீட்-பேஸ் (எண்களைப் படிக்கும் அடிமானம்) 16 ஆக இருந்தால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கங்கள் என்பதையும் இதே இடத்தில் சோதியுங்கள்.

அடுத்து புள்ளிகள் மட்டுமே உள்ள டோக்கன், பிறகு பேக்கேஜ் பெயரையும் சிம்பல் பெயரையும் பிரிக்கும் கோலன். மாஸ்க் 0 ஆக உள்ள கோலன் மட்டுமே பேக்கேஜைப் பிரிக்கும். கோடுகளுக்குள் உள்ள கோலன் பெயரின் ஓர் எழுத்து, அவ்வளவுதான். கேஸ் மாற்றம் பேக்கேஜ் பெயருக்கும் உண்டு, சிம்பல் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு ‘பேக்கேஜைக் காணோம்’ என்று தேடுவது வழக்கமான தடுமாற்றம்.

கடைசியில்தான் கேஸ் மாற்றம். அதன்பின் இன்டர்ன்.

6. இன்வர்ட்டைத் தனியாக, கடைசியாக எழுதுங்கள்

மற்ற மூன்று முறைகளின் 9 வரிகளும் பாஸ் ஆகும்வரை இன்வர்ட் பக்கம் போகாதீர்கள். இதில் மட்டும்தான் இரண்டு சுற்று தேவை: ஒரு சுற்றில் எண்ணிப் பார்ப்பது, மறு சுற்றில் புரட்டுவது.

எண்ணும் சுற்றில் மாஸ்க் 0 ஆன எழுத்துகளை மட்டும் எண்ண வேண்டும். கோடுகளுக்குள் சின்ன ஏ, அதை ஒட்டி வெளியே பெரிய பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பது பெரிய பி மட்டுமே, ஆகவே ‘முழுதும் பெரியது’, அது சின்ன பி ஆகும். பெயர் சின்ன ஏ, சின்ன பி. உள்ளே இருந்த ஏ-யையும் எண்ணிவிட்டால் கலவை என்று தீர்ப்பாகி, பி பெரிதாகவே நின்றுவிடும். இந்த ஒரு டெஸ்ட் இல்லாத இன்வர்ட்டை நான் நம்புவதில்லை.

‘பெரியது இல்லையென்றால் சின்னது’ என்று எழுதுவது அடுத்த பிழை. இலக்கமும் ஹைஃபனும் எதுவுமில்லை. தமிழ் எழுத்தும் எதுவுமில்லை. பெரிய கார், ஹைஃபன், மதுரை என்று ஒரு சிம்பல் வந்தால், அதில் கேஸ் உள்ளவை மூன்று எழுத்துகள் மட்டுமே, மூன்றும் பெரியவை. மதுரையைச் சின்ன எழுத்துக் கணக்கில் சேர்த்தால் தீர்ப்பு கலவையாகிவிடும். பெரியது, சின்னது, இரண்டும் இல்லாதது என மூன்று கிளைகளாக எழுதுங்கள்.

7. எழுத்தை மாற்றும் ஃபங்ஷன்: பைட்டா, எழுத்தா?

கதையாகவே சொல்கிறேன். ஒரு தம்பி கோயிலைச் சுற்றிய வீதிகளை லிஸ்டாக எழுதினார். ஒன்றுக்குள் ஒன்றாக வீதிகள் அமைந்த ஊருக்கு அடைப்புக்குறி தானாகவே பொருந்துகிறது:

(வெளி (மாசி (ஆவணி-மூலம் (சித்திரை (ஆடி)))))

நிரல் ஓடியது. மாசிக்கு உள்ளே எது என்று கேட்டால் சரியான கிளையைத்தான் பிடித்தது. ஆனால் அச்சில் எல்லாம் குப்பைக் கட்டங்கள். “அண்ணே, ஃபான்ட்டுதான் பிரச்சினை” என்றார். டெர்மினலை மாற்றினார், எழுத்துருவை மாற்றினார். பிறகு தற்செயலாகப் பிரிண்ட்-கேஸை (பிரிண்டர் எந்தக் கேஸில் அச்சிட வேண்டும் என்ற அமைப்பை) டவுன்கேஸ் ஆக்கினார். தமிழ் பளிச்சென்று வந்துவிட்டது! சரியாகிவிட்டது என்று கமிட்டும் போட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. உதாரணமாக அ என்பது 224, 174, 133. எங்கள் ரீடர் பைட் பைட்டாகப் போய், லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஒரு பைட் குறியாக்கம்) எழுத்துகளுக்கான 256 இடங்கள் கொண்ட அட்டவணையைப் பார்த்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. லத்தீன்-1-இல் 224 என்பது தலைக்குறி போட்ட ஒரு சின்ன ஏ. அதன் பெரிய வடிவம் 32 குறைந்து 192. ஆக அ என்பது 192, 174, 133 ஆனது. 192 என்ற பைட் முறையான யூடிஎஃப்-8-இல் வரவே வராது.

எல்லாத் தமிழ் எழுத்தும் ஒரே மாதிரி கெட்டதால் ஒப்பீடு சரியாகவே நடந்தது. டவுன்கேஸ் பிரிண்டர் 192-ஐத் திரும்ப 224 ஆக்கியதால் அச்சும் சரியாகத் தெரிந்தது. வீதிப் பெயர்களைக் கோப்பிலிருந்து ஸ்ட்ரிங்காகப் படித்து இன்டர்ன் செய்தபோதுதான் குட்டு உடைந்தது. கோப்பிலிருந்து வந்த மாசியும் ரீடர் படித்த மாசியும் ஒன்றில்லை என்றது. 2-ஆம் படியில் எண்களைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

தீர்வு இரண்டு வகை. ரீடர் பைட்டுகளில் வேலை செய்தால் 97 முதல் 122 வரை உள்ளவற்றை மட்டும் 65 முதல் 90 வரை மாற்றுங்கள், 128-க்கு மேல் கை வைக்காதீர்கள். சின்ன லிஸ்புக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. முழு யூனிகோட் வேண்டுமென்றால் முதலில் எழுத்தாக டிகோட் செய்துவிட்டு, ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற எளிய மாற்றத்தை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரிங் முழுவதையும் மாற்றும் ஃபங்ஷன் ஆகாது: ஜெர்மன் மொழியின் கூர் எஸ் அங்கே இரண்டு எழுத்தாக விரிந்து, உங்கள் மாஸ்க் ஓர் இடம் தள்ளிப் போய்விடும்.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லொக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) கொடுக்காமல் பெரிதாக்கினால் கணினியின் லொக்கேல் நுழைந்துகொள்ளும். துருக்கி மொழி லொக்கேலில் சின்ன ஐ, மேலே புள்ளி வைத்த பெரிய ஐ ஆகும். லிஸ்ட் என்ற ஃபங்ஷனே அங்கே காணாமல் போகும். லொக்கேல் ரூட் என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

சியில் கேரக்டர் வகை சில கணினிகளில் குறியுள்ளது (எதிர்ம மதிப்பும் ஏற்கும்), சிலவற்றில் குறியற்றது (அன்சைன்ட்). மடிக்கணினியில் 224 என்பது -32 ஆகி, அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைப் படிக்கும். அதே நிரல் ராஸ்பெர்ரி பையில் வேறு மாதிரி நடக்கும். அட்டவணையைத் தொடும் முன் அன்சைன்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேஸ் போலவே தெரியும், ஆனால் கேஸ் இல்லாத பக் ஒன்றும் உண்டு. கொ என்பதில் க-வோடு சேரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ரீடருக்கு இரண்டு சிம்பல். எஸ்பிசிஎல் சிம்பல் பெயர்களை யூனிகோட் முறைப்படி ஒருமுகப்படுத்திவிடும், சின்ன லிஸ்புகள் பெரும்பாலும் செய்யாது. அதை இந்தப் பேட்சில் கலக்காதீர்கள், தனி வேலையாகக் குறித்து வையுங்கள்.

8. ஹேஷ் குறிக்குப் பின் வருபவை

ஹேஷ், பேக்ஸ்லாஷ், பிறகு ஓர் எழுத்து என்றால் அது கேரக்டர். பெரிய ஏ-வும் சின்ன ஏ-வும் அங்கே வேறு வேறு. டோக்கன் படிக்கும் ஃபங்ஷனையே அங்கும் கூப்பிட்டால் சின்ன ஏ கேட்டவருக்குப் பெரிய ஏ போகும். கேஸ் மாற்றாமல் டோக்கன் தரும் வடிவத்தைக் கூப்பிடுங்கள். ஆனால் ஸ்பேஸ், நியூலைன் போன்ற நீளப் பெயர்களுக்கு மட்டும் கேஸ் பார்க்கக் கூடாது.

ஹேஷை அடுத்து வரும் எக்ஸ், பி, ஓ போன்ற ஒற்றை எழுத்துக் கட்டளைகள் எந்த முறையிலும் பெரிதானாலும் சின்னதானாலும் ஒன்றே.

9. இன்டர்னைத் தொடாதீர்கள்

‘இன்டர்னுக்குள் ஒரு வரி அப்கேஸ் போட்டேன் அண்ணே, அப்கேஸ் டெஸ்ட் மூன்றும் பாஸ்’ என்று ஒருவர் வந்தார். பாஸ் ஆகத்தான் செய்யும். ஆனால் கோடுகளுக்குள் எழுதிய சின்ன கார் இனி அந்த லிஸ்பில் இருக்கவே முடியாது. இன்டர்ன், ஃபைண்ட்-சிம்பல், மேக்-சிம்பல் மூன்றும் கொடுத்த ஸ்ட்ரிங்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறதென்றால், சி கோடில் உள்ளமைந்த ஃபங்ஷன்களின் பெயர்ப் பட்டியல் சின்ன எழுத்தில் இருக்கும். பதிவாவது சின்ன கார், பயனர் தட்டினால் வருவது பெரிய கார், சந்திப்பதே இல்லை. அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்துக்கு மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு சின்ன ஸ்கிரிப்டில் முடிந்துவிடும்.

பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது நில், அதாவது லிஸ்பில் பொய்யையும் வெற்று லிஸ்டையும் குறிக்கும் சிம்பல். உண்மையான நில்லின் பெயர் பெரிய எழுத்தில். சின்ன நில் என்று இன்னொரு சிம்பல் உருவாகிவிட்டால், அது நில் இல்லை, ஆகவே மெய். எல்லா இஃப்-களும் தப்பான கிளையில் போகும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. எல்லாமே விசித்திரமாக நடக்கிறதென்றால் வேறு எதையும் பார்க்காமல் சின்ன நில் இருக்கிறதா என்று பாருங்கள்.

10. ரீடரின் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன பிறகு பிரிண்டர்

இரண்டையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். பிரிண்டரின் சரி தப்பைத் தீர்மானிப்பதே ரீடர்தான். அச்சிட்டதைத் திரும்பப் படித்தால் அதே சிம்பல் வர வேண்டும்.

பெயரைச் சுற்றிச் செங்குத்துக் கோடு எப்போது போட வேண்டும் என்பதற்கு முறைக்கு ஒன்றாக விதி எழுதிக்கொண்டே போனோம், ஒவ்வொன்றிலும் ஓட்டை. அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்படி எழுதினேன். பெயருக்குப் பிரிண்ட்-கேஸைச் செலுத்தி ஓர் உரையை உருவாக்கு. அந்த உரைக்கு ரீடரின் கேஸ் மாற்றத்தைச் செலுத்து. பழைய பெயரே வந்தால் அந்த உரையை அச்சிடு. வராவிட்டால் பெயரை மாற்றாமல் கோடுகளுக்குள் போடு. அப்கேஸில் கலவை கார், உரையாகி ரீடர் வழியே போனால் பெரிய காராகிவிடும், ஆகவே கோடு தேவை. பிரிசர்விலும் இன்வர்ட்டிலும் கேஸுக்காகக் கோடு தேவைப்படாது, அது தனி விதி இல்லாமலே கிடைக்கிறது. அந்த இரண்டு முறைகளிலும் பிரிண்ட்-கேஸுக்கு வேலையில்லை, பிரிசர்வில் பெயரே உரை, இன்வர்ட்டில் புரட்டிய பெயரே உரை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எண் போலத் தெரியும் பெயர், புள்ளி மட்டும் உள்ள பெயர், வெற்றுப் பெயர், நடுவே இடைவெளி உள்ள பெயர் ஆகியவற்றுக்கும் கோடு வேண்டும். இங்கேதான் இன்வர்ட் பக் ஒளிந்திருக்கும். இடைவெளிக்காகக் கோடு போட்ட பெயரையும் பிரிண்டர் புரட்டிவிடும், ரீடரோ கோட்டுக்குள் உள்ளதைப் புரட்டாது. கோட்டுக்குள் போவது எப்போதும் பெயரின் அசல் எழுத்துகளே. கோட்டுக் குறிக்கும் பேக்ஸ்லாஷுக்கும் முன்னால் மட்டும் ஒரு பேக்ஸ்லாஷ்.

பிறகு கண்ட எழுத்துகளையும் கலந்து ஆயிரக்கணக்கில் பெயர்களை உருவாக்கி, 4 ரீட்டேபிள்-கேஸ், 3 பிரிண்ட்-கேஸ் எல்லாச் சேர்க்கையிலும் அச்சிட்டுத் திரும்பப் படிக்கவிடுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.

11. உள்ளே பெயர் ஒட்டும் இடங்கள்

புதுத் தரவு வகையை வரையறுக்கும் டெஃப்ஸ்ட்ரக்ட் போன்றவை மேக்- என்ற முன்னொட்டைச் சேர்த்துப் புதுச் சிம்பல் உருவாக்கும். எங்கள் நிரலில் அது ஃபார்மாட் (பல மதிப்புகளைச் சேர்த்து உரையாக்கும் ஃபங்ஷன்) வழியே நடந்தது. பயனர் பிரிண்ட்-கேஸை டவுன்கேஸ் ஆக்கியிருந்தால் ஃபார்மாட் சிம்பலைச் சின்ன எழுத்தில் எழுதும், முன்பாதி பெரியது, பின்பாதி சின்னது என்று ஓர் ஒட்டுப்போட்ட பெயர் பிறக்கும். செங்குத்துக் கோடு போடாமல் அதை யாராலும் கூப்பிட முடியாது.

சோர்ஸ் முழுக்க இன்டர்ன் என்று தேடுங்கள். அதற்குள் ஃபார்மாட்டோ பிரிண்ட் வகை ஃபங்ஷனோ இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் சிம்பல்-நேமை எடுத்து நேரடியாக ஒட்டும்படி மாற்றுங்கள். எங்களுக்கு 6 இடங்கள் கிடைத்தன. கம்பைல் செய்த கோப்பில் சிம்பலை எழுதும் பகுதியையும் பாருங்கள்: பிரிண்டர் வழியே எழுதாமல், பேக்கேஜ் பெயரும் சிம்பல் பெயரும் தனித்தனி ஸ்ட்ரிங்காகப் போக வேண்டும்.

12. பழையதைத் துடைத்துவிட்டு இரண்டு முறை கட்டுங்கள்

பழைய ரீடர் படித்துக் கம்பைல் செய்த ஃபாஸ்ல் கோப்புகளில் பழைய பெயர்களே இருக்கும். நிரலைத் திருத்திய பிறகும் பக் அப்படியே இருக்கிறதே என்று ஒரு ஞாயிறு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். காரணம் ஒரே ஒரு பழைய ஃபாஸ்ல். எல்லா ஃபாஸ்லையும் இமேஜையும் (லிஸ்பின் நினைவகத்தை அப்படியே சேமித்த கோப்பையும்) அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

லிஸ்பை லிஸ்பிலேயே கட்டுகிறவர்கள், புதியதைப் பழையதால் ஒருமுறை கட்டி, அந்தப் புதியதால் தன்னையே மறுமுறை கட்டுங்கள். இரண்டு முறையும் எல்லாப் பேக்கேஜ்களின் சிம்பல் பெயர்களையும் எண்களாக ஒரு கோப்பில் கொட்டி ஒப்பிடுங்கள். ஒரே ஒரு சிம்பல் கூடினாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடாதீர்கள். எங்களுக்கு முதல் தடவை ஒன்று கூடியது. 9-ஆம் படியில் எல்லாம் மாற்றியதாக நினைத்த பட்டியலில், கடைசி வரி மட்டும் சின்ன எழுத்தில் நின்றிருந்தது.